ரெண்டு ஊசி போட்டும் ஏன் வந்துச்சு? செங்கல்பட்டும் வேலூரும் சொல்ற கணக்கு

இன்னைக்கு எபிசோட் எங்க ஊர்ல இருந்து ஆரம்பிக்குது.

2021 மே 20. திருப்பூர், நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா. பதவியேற்று ரெண்டு வாரம்கூட முழுசா முடியாத முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்குத் தடுப்பூசி போடும் திட்டத்தை அங்கேதான் தொடங்கி வைத்தார். இந்த மாதிரி விழாவெல்லாம் வழக்கமா சென்னையிலதான் நடக்கும். இதைத் திருப்பூர்ல வெச்சதுல ஒரு பொருத்தம் இருந்தது. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் முன்னாடி உட்கார்ந்திருக்கிற பெரும்பாலானவர்களின் வயது அதுதான். ஒரே ஹாலில் வரிசை வரிசையா மெஷின், ஒன்றரை ஷிப்ட் வேலை, ராத்திரி படுக்க ஒரு சின்ன ரூம், அதுல ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த நாலைந்து பேர். கொரோனாவுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

இரண்டாம் அலை உச்சத்துல இருந்த மாசம் அது. சென்னையில எண்ணிக்கை இறங்கத் தொடங்கிய பிறகும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சீக்கிரம் இறங்கல. ஜூன் 7-ஆம் தேதி ஊரடங்கில் தளர்வு கொடுத்தபோது 11 மாவட்டங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு கூடுதலாகவே இருந்தது. அந்தப் பட்டியலில் திருப்பூரும் உண்டு. வெளிநாட்டு பையருக்கு ஷிப்மென்ட் தேதி சொல்லியாச்சு, கட்டிங் போட்ட துணி அப்படியே அடுக்கிக் கிடக்குது, கம்பெனி கேட்டுல பூட்டு. அப்போ ஊசிங்கறது எங்க ஊருக்கு ஆரோக்கிய விஷயம் மட்டும் கிடையாது. பூட்டைத் திறக்கிற சாவி அது. அப்படித்தான் எல்லாரும் பேசிக்கிட்டாங்க. டோக்கன் வாங்க விடியறதுக்கு முன்னாடியே வரிசையில நின்ன ஆட்களை நான் பார்த்திருக்கேன்.

இதுக்கு ஒரு மாசம் முன்னாடி நிலைமை நேர்மாறா இருந்ததையும் சொல்லணும். ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மக்களுக்குப் பயம் தெளியணும்னுதான் கேமரா முன்னாடி போட்டுக்கிட்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை இறந்துபோனார். அன்னைக்கு ராத்திரி எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல என்னென்ன வந்திருக்கும்னு உங்களுக்கே தெரியும், உங்க குரூப்லயும் அதேதான் வந்திருக்கும்.

எங்க அத்தை ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்காங்க. இருபது வருஷ சர்வீஸ். ரெண்டு ஊசியும் போட்டாங்க. முதல் ஊசிக்கு அடுத்த நாள் காய்ச்சல், ரெண்டு நாள் சம்பளம் போச்சு. அப்புறம் 2022 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம், அத்தைக்குக் கொரோனா. இருமல், உடம்பு வலி, மறுபடி ஒரு வாரம் சம்பளம் கிடையாது. போன்ல கூப்பிட்டா முதல் கேள்வியே இதுதான்: "ஏங் கண்ணு, ரெண்டு ஊசியும் போட்டேனல்லோ? அப்புறமும் வந்துருச்சே. அப்ப அந்த ஊசி எதுக்குங் கண்ணு?"

நியாயமான கேள்வி. இதைக் கேட்கிறவங்களைப் படிக்காதவங்கன்னும், வாட்ஸ்அப் பார்த்துக் கெட்டுப்போனவங்கன்னும் ஒதுக்கிட்டுப் போறது எனக்குப் பிடிக்கல. ஏன்னா அவங்களுக்குக் கொடுத்த வாக்குறுதியே அப்படித்தான் இருந்தது. "ஊசி போட்டா வராது."

அந்த வாக்குறுதி எங்கிருந்து வந்தது?

2020 கடைசியில் பைசர் கம்பெனி தன் தடுப்பூசிக்கு 95 சதவீதம் செயல்திறன் என்று அறிவித்தது. அந்த 95 நம்ம மனசுல எப்படிப் பதிஞ்சது? நூறு பேர் போட்டா 95 பேருக்கு வராது, 5 பேருக்கு வரும். இப்படித்தான் பெரும்பாலானோர் புரிஞ்சுக்கிட்டாங்க, செய்தி வாசிச்சவங்க உட்பட. உண்மையில் அந்தக் கணக்கு வேற. சுமார் 43,000 பேரை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிஜ ஊசி, மறு பாதிக்கு வெறும் உப்புநீர் ஊசி போட்டார்கள். யாருக்கு எதுன்னு போட்டுக்கிட்டவங்களுக்குத் தெரியாது. சில மாதங்களில் மொத்தம் 170 பேருக்குக் கோவிட் வந்தது. அதில் 162 பேர் உப்புநீர்ப் பக்கம், 8 பேர் நிஜ ஊசிப் பக்கம். 162 பேருக்கு வந்திருக்க வேண்டிய இடத்தில் 8 பேருக்குத்தான் வந்தது, அதாவது 95 சதவீதம் குறைவு. அதே முறையில் கோவிஷீல்டின் மூலமான ஆக்ஸ்போர்டு தடுப்பூசிக்கு டிசம்பர் 2020-இல் வந்த எண் சுமார் 70. கோவாக்சினுக்கு 77.8. ஆனா அந்தக் கோவாக்சின் எண் வர்றதுக்கு முன்னாடியே, 2021 ஜனவரி 3-ஆம் தேதியே அதுக்கு அனுமதி கொடுத்துட்டாங்க. மூணாங்கட்ட முடிவு இல்லாம எப்படின்னு அப்போ கேட்டவங்க எல்லாரையும் தடுப்பூசி எதிரி லிஸ்ட்ல சேர்த்தது பெரிய தப்புன்னு இப்பவும் நினைக்கிறேன்.

அடுத்து இன்னொரு எண் வந்தது. 2021 ஏப்ரல் 21, டெல்லி. ஐசிஎம்ஆர் தலைவர் பல்ராம் பார்கவா பத்திரிகையாளர்களிடம் ஒரு கணக்குச் சொன்னார். நாடு முழுக்க கோவிஷீல்டு இரண்டு டோஸும் போட்டவர்கள் சுமார் 1 கோடியே 57 லட்சம் பேர். அவர்களில் 5,014 பேருக்குத்தான் பிறகு கொரோனா வந்தது. 0.03 சதவீதம். பத்தாயிரம் பேருக்கு இரண்டு முதல் நாலு பேர்.

கேட்கிறதுக்கு எவ்வளவு நல்லா இருக்கு! ஆனா இந்த எண்ணோட ஒப்பிட ஒண்ணுமே இல்லை. அதே நாட்களில், அதே மாதிரி வேலை பார்க்கிற, ஊசி போடாத பத்தாயிரம் பேரில் எத்தனை பேருக்கு வந்தது? அது சொல்லப்படல. ரெண்டாம் டோஸ் போட்டுச் சில வாரமே ஆனவங்க ஏராளம். அலையும் அப்போ உச்சத்தைத் தொடல. லேசான காய்ச்சலோட டெஸ்ட் எடுக்காம வீட்டுல படுத்திருந்தவர் எந்தக் கணக்கிலயும் வரமாட்டார். இத்தனை ஓட்டையோட இருந்த எண்ணை, பயத்தைப் போக்கறதுக்காக நாடு முழுக்கச் சொன்னாங்க. ஒரு மாசம் கழிச்சுப் பக்கத்து வீட்டுல, எதிர் வீட்டுல, ஊசி போட்டவங்களுக்கே வர ஆரம்பிச்சப்போ ஜனங்க என்ன நினைப்பாங்க? பத்தாயிரத்துல ரெண்டு பேர்னு சொன்னீங்க, எங்க தெருவுலயே மூணு பேர் இருக்காங்களேன்னுதான் நினைப்பாங்க.

இந்த ஏமாற்றம் புதுசு இல்லை. இருநூறு வருஷப் பழசு.

இந்தியாவில் முதன்முதலாக அம்மைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டது பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூணு வயசுக் குழந்தை, 1802 ஜூன் 14-ஆம் தேதி. சீக்கிரமே அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்க நம்பணுமேன்னு, குறளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அதே எல்லிஸ் துரை தமிழில் ஒரு கதையே எழுதினார். பசு அம்மையைச் சக்தியே தன்வந்தரிக்கு எடுத்துச் சொல்ற மாதிரி ஒரு உரையாடல். அரசு விளம்பரத்துல அம்மனைக் கொண்டுவந்த முதல் ஆள் அவராத்தான் இருக்கணும். (கொங்கு நாட்டுக்கு இதுல ஆச்சரியம் இல்லை. கோயம்புத்தூர்ல பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் உண்டு. 2021 மே மாசம் இருகூர் பக்கம் கொரோனா தேவிக்கே சிலை வெச்சாங்க.)

அம்மைத் தடுப்பூசியைக் கண்டுபிடித்த எட்வர்ட் ஜென்னர், ஒருமுறை குத்தினா ஆயுசுக்கும் போதும்னு நம்பினார். 1818-19-இல் எடின்பரோ நகரத்தில் அம்மை பரவியபோது, ஏற்கெனவே குத்திக்கொண்டவர்களுக்கும் வந்தது. ஆனா வந்தவிதம் வேறயா இருந்தது. கொப்புளம் குறைவு, காய்ச்சல் லேசு, சாவு அபூர்வம். மருத்துவர்கள் அதுக்குத் தனிப் பெயரே வெச்சாங்க: 'வேரியோலாய்டு', அம்மை மாதிரி ஒண்ணு. 1830-களில் ஜெர்மன் நாட்டு அரசுகள் படைவீரர்களுக்கு மறுபடி அம்மை குத்தத் தொடங்கின. நாம இன்னைக்கு பூஸ்டர்னு சொல்றதோட கொள்ளுத்தாத்தா அது.

சரி, இப்போ ஒரு நிமிஷம் உங்க இடது தோள்பட்டையைத் தொட்டுப் பாருங்க. பெரும்பாலானோருக்கு அங்க ஒரு சின்னத் தழும்பு இருக்கும். பிறந்த கொஞ்ச நாளில் போட்ட பிசிஜி ஊசி, காசநோய்க்கு. நான் சொல்லப்போற அடுத்த கதை அந்தத் தழும்போட கதை. கொரோனா எபிசோட்ல இது எதுக்குன்னு கேட்காதீங்க, ஒரு தடுப்பூசி வேலை செய்யுதா இல்லையான்னு நேர்மையா கேட்டு, கேட்க விரும்பாத பதிலை வாங்கிக்கிட்ட ஊர் தமிழ்நாட்டுலயே இருக்கு.

சுதந்திரம் வந்த கையோடு காசநோயை ஒழிக்க பிசிஜி என்று அரசு முடிவு செய்தது. 1948-இல் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் அதைத் தயாரிக்க ஆய்வுக்கூடம் வந்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா குழந்தைகளுக்குப் போட்டாங்க. இதை எதிர்த்து 1955-இல் ஒரு சிறு புத்தகமே போட்டார் ராஜாஜி. ஓராண்டு முன்னாடி வரை முதலமைச்சரா இருந்தவர். அவருடைய வாதங்கள் எல்லாம் அறிவியல்படி நிற்கும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா இந்த ஊசி நம்ம நாட்டுல நிஜமாவே வேலை செய்யுதான்னு யாரு பார்த்தீங்கன்னு ஒருத்தர் கேட்டா அதுக்குப் பதில் வேணும் இல்லையா? அந்தப் பதில் அப்போ யார்கிட்டயும் இல்லை. பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனையில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பாதுகாப்பு என்று வந்திருந்தது. அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் பார்த்தபோது ரொம்பக் குறைவா வந்தது. ஒரே ஊசி, ஊருக்கு ஊர் வேற வேற ரிசல்ட்.

அதைத் தீர்த்துவைக்கத்தான் 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. ஐசிஎம்ஆர், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து நடத்தியது. இன்னைய திருவள்ளூர் பக்கம்தான் அதோட மையம், அப்போ அது செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ள இருந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள், 9 நகரங்கள், 3 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு மேல் பதிவு. வீடு வீடா போய், ஆளாளுக்கு எக்ஸ்ரே எடுத்து, சளி வாங்கி, இரண்டு வகை பிசிஜியில் ஒன்றோ அல்லது மருந்தில்லாத ஊசியோ போட்டார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. அப்புறம் அதே வீடுகளுக்கு வருஷக்கணக்கா திரும்பத் திரும்பப் போனாங்க. ஜீப், எக்ஸ்ரே வண்டி, பேரேடு. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல இத்தனை லட்சம் பேரைப் பெயர் சொல்லி மறுபடி தேடிப்பிடிக்கிறதை நினைச்சா எனக்கு இப்பவும் மலைப்பா இருக்கு.

ஏழரை ஆண்டு கண்காணிப்புக்குப் பிறகு, 1979-இல் முதல் அறிக்கை வந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் ஊசி போட்ட கூட்டத்துக்கும் போடாத கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. பூஜ்யம். உலகமே அதிர்ந்தது. பிரிட்டனில் நல்லா வேலை செஞ்ச ஊசி, நோய் அதிகமா இருக்கிற நாட்டில் வேலை செய்யல. 15 ஆண்டு கண்காணிப்பு முடிந்த பிறகும் அந்த முடிவு மாறல. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற, காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமிகள் நம்ம உடம்புக்கு முன்னாடியே கொஞ்சம் பழக்கப்பட்டிருப்பதால் ஊசியின் தாக்கம் தெரியாம போகுது என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியமான காரணங்களில் ஒன்று.

அப்போ உங்க தோள்ல ஏன் இன்னும் அந்தத் தழும்பு? ஏன்னா வேற ஒரு கேள்விக்கு பிசிஜி நல்ல பதில் வெச்சிருக்கு. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய், உடம்பு முழுக்கப் பரவும் காசநோய், இந்த இரண்டு கொடுமைகளிலிருந்தும் அது காக்கிறது. நோய் வராமல் தடுக்குமா என்றால் சொல்ல முடியாது. வந்தால் குழந்தை உயிரைக் குடிக்காமல் தடுக்குமா என்றால், ஆமாம். அதனால்தான் இன்னும் போடுறாங்க.

இந்தக் கதையை நான் இவ்வளவு நேரம் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. தடுப்பூசின்னாலே நல்லதுன்னு முடிவு பண்ணிட்டு எண்ணை அதுக்கேத்த மாதிரி வளைக்கிறவங்களா விஞ்ஞானிகள் இருந்திருந்தா, செங்கல்பட்டு முடிவு வெளியவே வந்திருக்காது. ரெண்டு கூட்டத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கிற அந்த முறைதான் பிசிஜியைத் தோற்கடிச்சது. அதே முறையில் கொரோனா ஊசியைப் பார்த்தா என்ன வந்தது?

அதுக்குச் செங்கல்பட்டுல இருந்து மேற்கே, வேலூருக்குப் போகணும்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 10,600 ஊழியர்கள். 2021 ஜனவரி 21-லிருந்து ஏப்ரல் 30 வரை அவர்களில் 8,991 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள், பெரும்பாலும் கோவிஷீல்டு. அந்த நேரத்துல இரண்டாம் அலை வந்து மோதியது. மருத்துவமனையில வேலை பார்க்கிறவங்க, நோயோட முகத்துக்கு நேரா நிக்கிறவங்க. பிப்ரவரி 21 முதல் மே 19 வரை யார் யாருக்கு வந்தது என்று அங்குள்ள மருத்துவர்கள் எண்ணிப் பார்த்து 'மேயோ கிளினிக் ப்ரொசீடிங்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். அதுல ஒரு எண் என்னைப் பிடிச்சு நிறுத்திடுச்சு.

இரண்டு டோஸும் போட்டவர்களில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தவர்கள்: 64 பேர்.

ஒரு டோஸும் போடாதவர்களில் மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தவர்கள்: 64 பேர்.

அந்த வார்டு வழியா நடந்து போற ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. எட்டிப் பார்க்கிறார். ஊசி போட்டவர் 64, போடாதவர் 64. ஊசி போட்டாலும் ஒண்ணு, போடாட்டியும் ஒண்ணுன்னு சொல்லிட்டுப் போவார். அவர் பொய் சொல்லல, கண்ணால பார்த்ததைத்தான் சொல்றார்.

இதை நான் அத்தைக்கு இப்படித்தான் சொன்னேன். உங்க டேபிளுக்கு ரெண்டு லைன்ல இருந்து பீஸ் வருது. முதல் லைன்ல 7,080 பீஸ், அதுல 64 ரிஜெக்ட். ரெண்டாவது லைன்ல 1,609 பீஸ், அதுலயும் 64 ரிஜெக்ட். எந்த லைன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுத் திட்டுவீங்க? அத்தை ஒரு நொடிகூட யோசிக்கல. "அந்த ஆயிரத்தறுநூறு பீஸ்காரனைத்தான். இதைக் கேட்க வேற வேணுமா?" என்றாங்க. அந்த 7,080 பேர்தான் ரெண்டு டோஸ் போட்ட சிஎம்சி ஊழியர்கள். 1,609 பேர் போடாதவங்க. ஆயிரத்துக்கு 9 பேர் ஒரு பக்கம், ஆயிரத்துக்கு 40 பேர் இன்னொரு பக்கம். ஊசி போட்டவங்க கூட்டம் பெருசா ஆக ஆக, வார்டுல அவங்க எண்ணிக்கையும் கூடத்தான் செய்யும். ஊரே போட்டுட்டா, ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற அத்தனை பேரும் ஊசி போட்டவங்களாத்தான் இருப்பாங்க.

மற்ற எண்களையும் பார்ப்போம், இதுலதான் அத்தையோட கேள்விக்குப் பதில் இருக்கு. இரண்டு டோஸ் போட்ட 7,080 பேரில் 679 பேருக்குத் தொற்று வந்தது. கிட்டத்தட்ட பத்தில் ஒருவர்! டெல்லியில சொன்ன பத்தாயிரத்துக்கு ரெண்டு நாலு எங்கே, இது எங்கே? போடாத 1,609 பேரில் 438 பேருக்கு வந்தது, அதாவது நான்கில் ஒருவருக்கும் மேல். ஆக, வராம தடுக்கிறதுல பாதுகாப்பு 65 சதவீதம். மருத்துவமனையில் சேராமல் காப்பதில் 77. ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள் போட்ட பக்கம் 4 பேர், போடாத பக்கம் 11 பேர். கூட்டத்தின் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் பாதுகாப்பு 92 சதவீதம். ஐசியூவுக்குப் போனவர்கள் 2 பேர், 8 பேர். 94 சதவீதம். அந்தக் காலத்தில் இறந்துபோன ஒரே ஊழியர் ஊசி போடாதவர்.

65, 77, 92, 94. நோய் எவ்வளவு கடுமையாகுதோ, ஊசியோட பிடியும் அவ்வளவு இறுகுது. எடின்பரோ மருத்துவர்கள் இருநூறு வருஷம் முன்னாடி கண்ணால பார்த்த அதே விஷயம். "ஊசி வேலை செய்யுதா?"ன்னு ஒரே கேள்வியா கேட்டா இந்த நாலு பதிலில் எதைச் சொல்றது? நம்ம ஊர்ல கடைசி ரெண்டு பதிலை முதல் கேள்விக்குச் சொன்னாங்க. அங்கதான் பிசகு.

இந்த ஆய்வுக்கு ஒரு குறையும் உண்டு. செங்கல்பட்டு மாதிரி இங்க குலுக்கல் கிடையாது. யார் போட்டுக்கிட்டாங்க, யார் போடலங்கறது அவங்கவங்க விருப்பம். ஏற்கெனவே கொரோனா வந்துபோனவர் இப்போதைக்கு வேண்டாம்னு விட்டிருக்கலாம், உடம்பு சரியில்லாதவர் பயந்து தள்ளிப் போட்டிருக்கலாம். அதனால தசம புள்ளி வரைக்கும் நம்ப வேண்டியதில்லை. ஆனா வேற ஒரு இடத்துல, வேற ஒரு கூட்டத்தை எண்ணினப்பவும் அதே திசையில வந்தது.

அந்தக் கூட்டம் தமிழ்நாடு போலீஸ். 1,17,524 பேர். ஊரடங்குன்னு நாம வீட்டுல இருந்தப்போ சாலையில நின்னவங்க. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2021 ஏப்ரல் 13 முதல் மே 14 வரை, இரண்டாம் அலையின் ஏற்றத்தில், காவல்துறையில் நடந்த கொரோனா மரணங்களை எண்ணியது. மொத்தம் 31 பேர். ஊசியே போடாத 17,059 பேரில் 20 மரணம். ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7. இரண்டு டோஸ் போட்ட 67,673 பேரில் 4. பத்தாயிரம் பேருக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 12, 2, கடைசியில் ஒன்றுக்கும் குறைவு. மரணத்தைத் தடுப்பதில் இரண்டு டோஸுக்கு 95 சதவீதம்.

அந்த 4 பேரோட வீட்டுல போய் 95 சதவீதம்னு சொல்ல முடியாது. ரெண்டும் போட்டுக்கிட்டு, டியூட்டிக்குப் போய், வராம போனவங்க அவங்க. ஊசி போட்டா சாவே இல்லைன்னு மேடையில பேசினவங்க அந்த நாலு குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் பேசினாங்க.

சரி, நல்லா வேலை செய்யற ஊசின்னா முதல்லயே ஏன் வராம தடுக்கல? சுருக்கமா சொல்றேன், இது பயாலஜி பாட்காஸ்ட் இல்லை. கைத்தசையில் போடும் ஊசி ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களை நிறைய உண்டாக்குகிறது. நுரையீரல் வரை அதன் காவல் நல்லா எட்டும். வைரஸ் முதலில் இறங்கும் மூக்கிலும் தொண்டையிலும் அந்தக் காவல் மெலிசு. மாதங்கள் போகப் போக அந்தப் புரதங்களின் அளவும் இறங்கும். இறங்கினாலும், படித்த பாடத்தை மறக்காத செல்கள் உள்ளே இருக்கும். வைரஸ் மூக்கைத் தாண்டி இறங்குறதுக்குள்ள அதுங்க எழுந்து வேலைக்கு வந்துடும். அதனாலதான் காய்ச்சல் வரும், ஐசியூ வராது. கூடவே வைரஸும் சும்மா இருக்கல. முதல்ல வூஹான் வைரஸைப் பார்த்துத் தச்ச சட்டை இது. டெல்டாவுக்குக் கொஞ்சம் இறுக்கம். 2021 கடைசியில் ஒமைக்ரான் வந்தபோது, தொற்றைத் தடுப்பதில் அந்தச் சட்டை ரொம்பவே பத்தாமல் போனது. அத்தைக்கு 2022 பொங்கலுக்கு வந்தது அனேகமா அதுதான். ஊசியோட அளவு மாறாம வைரஸோட அளவு மாறிப்போச்சு. அதே மாசம் 10-ஆம் தேதி முன்களப் பணியாளர்களுக்கும், இணைநோய் உள்ள 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மூணாவது டோஸ் தொடங்கியது. அதுக்கு 'பூஸ்டர்'னு பேர் வைக்காம 'முன்னெச்சரிக்கை டோஸ்'னு வெச்சாங்க. ரெண்டு போதும்னு சொல்லிட்டு மூணாவதை எப்படிச் சொல்றதுங்கற சங்கடம் அந்தப் பெயரிலேயே தெரியுது.

இடைவெளி மாறின கதையும் இந்தக் குழப்பத்துல சேரும். கோவிஷீல்டுக்கு ரெண்டு டோஸ் இடையே முதலில் 4 முதல் 6 வாரம். மார்ச்சில் 6 முதல் 8 வாரம். மே மாதம் 12 முதல் 16 வாரம். இடைவெளி கூடினால் பாதுகாப்பு கூடும் என்பதற்கு ஆதாரம் இருந்தது. ஆனா கையில ஸ்டாக் இல்லாத மாசத்துல அதை அறிவிச்சா யார் நம்புவா? டோக்கன் கிடைக்காம திரும்பினவங்க, ஊசி இல்லாததால தேதியைத் தள்ளிட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க. அறிவியல் சரியா இருந்தும் சொன்ன நேரம் கெடுத்தது.

பக்க விளைவு பத்தி நிறைய பேர் எழுதிக் கேட்டிருந்தீங்க. விவேக் விஷயத்தில், தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு 2021 அக்டோபரில் தன் முடிவைச் சொன்னது: ஊசி காரணம் இல்லை, தற்செயலாக அடுத்தடுத்து நடந்தது. ஆறு மாசம் கழிச்சு வந்த அந்தச் செய்தியை எத்தனை பேர் படிச்சிருப்பாங்க? ஏப்ரல் 17-ஆம் தேதி ஃபார்வர்டைப் படிச்சவங்க அத்தனை பேரும் படிச்சிருக்கமாட்டாங்க.

2024 ஏப்ரல் கடைசியில் வந்தது வேற மாதிரி. ஆஸ்ட்ராஜெனகா கம்பெனி பிரிட்டன் நீதிமன்ற ஆவணத்தில், தன் தடுப்பூசி மிக அபூர்வமாக ரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறையும் ஒரு நோயை உண்டாக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. இது கட்டுக்கதை இல்லை, நிஜம். 2021-லேயே ஐரோப்பாவில் கண்டுபிடித்து, பல நாடுகள் இளைஞர்களுக்கு அந்த ஊசியை நிறுத்தியிருந்தன. நம்ம ஊர்ல அதை 2024-ல புதுச் செய்தி மாதிரி கேட்டோம். பார்க்கிறப்போ ஊசி போட்டு மூணு வருஷம் ஆச்சு. அந்த ரத்த உறைவு பெரும்பாலும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. மூணு வருஷம் கழிச்சு ஜிம்ல யாராவது மயங்கி விழுந்தா அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட்டுப் பேசறவங்ககிட்ட நான் கேட்கிறது அத்தையோட செக்கிங் கணக்குதான்: எத்தனை பீஸுக்கு எத்தனை? அந்தப் பக்க லைன்ல எத்தனை?

செங்கல்பட்டு ஆய்வைப் பத்திப் படிக்கிறப்போ கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் பத்தி நிறைய கிடைச்சுது. கன்னுக்குட்டி தோல்ல இருந்து அம்மைப்பால் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பின இடம், பிசிஜி செஞ்ச இடம், 2020-ல கொரோனா டெஸ்டுக்கு எல்லாரும் சாம்பிள் அனுப்பின இடம். அது தனிக் கதை, அடுத்த எபிசோட்ல பேசலாம்.